ஆவுடையின் நான்கு தலையணைகள்

ஜூன் 17

வளைகாப்பு முடிந்து நேற்று ஆவுடையை அழைத்துப் போய்விட்டார்கள். ஏழாம் மாதம். இனி பிரசவம் முடிந்து, பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போதுதான் கோயம்புத்தூருக்குத் திரும்புவாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை. அவளுக்குத் தாய் இல்லை, அதனால் சங்கரன்கோவிலில் அக்கா வீடு. முப்பிடாதி மதினி அவளைத் தன் கையால் வளர்த்தவர். "பெத்தவ இருந்தா என்ன செய்வாளோ, அதுக்கு ஒரு படி மேலயே செய்வேன் தம்பி" என்று வேனில் ஏறும்போது சொன்னார். செய்வார். அவர் சொன்னால் செய்கிறவர்.

கட்டில் முழுக்க எனக்கு. இரண்டு மாதமாக நான் படுத்தது கட்டிலில் அல்ல, கட்டிலின் விளிம்பில். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், ஆவுடை நான்கு தலையணைகளைச் சேர்த்துக்கொண்டாள். தலைக்கு ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, வயிற்றைத் தாங்க ஒன்று, முதுகுக்கு ஒன்று. அந்த முதுகுத் தலையணைதான் என்னை விளிம்புக்குத் தள்ளியது. "முதுகுக்குத்தான் நான் இருக்கேனே, இது எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க உருண்டு போயிருவிய. தலகாணி உருளாது. வச்ச எடத்துல இருக்கும்" என்றாள்.

இது கம்பெனி கொடுத்த டைரி. லிஃப்ட் சர்வீஸ் பற்றிக் குறித்துக்கொள்ளத் தந்தது. லிஃப்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஓடுகிறது, அல்லது ஓடவில்லை.

நேற்று இரவும் விளிம்பிலேயே படுத்திருந்தேன். பழக்கதோஷம்.

ஜூன் 18

நான்கு தலையணைகளையும் அலமாரிக்குள் வைத்தேன்.

ஜூன் 19

அலமாரிக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. எடுத்து மறுபடி கட்டிலில் போட்டேன். போட்டதுதான் போட்டோம் என்று அவள் வைத்திருந்த மாதிரியே போட்டேன். வேறு எப்படிப் போட்டாலும் இடத்தை அடைக்கிறது.

ஜூலை 9

பீளமேட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் கயிற்றில் இரண்டு இழை பிரிந்திருந்தது. நிறுத்தி, 'பழுது. ஏறாதீர்கள்' பலகையை மாட்டினேன். அசோசியேஷன் செயலாளர் ஓடி வந்தார். எட்டாவது மாடியில் நிச்சயதார்த்தமாம், சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். "ஏனுங்க, இத்தன நாள் ஓடுச்சுதானுங்க, இன்னைக்கு ஒரு நாள் ஓட்டுனா என்னாயிருமுங்க?" என்றார்.

"ஒண்ணும் ஆகாம இருக்கலாம் சார். ஆனா ஓடாது."

என் மேலதிகாரிக்குப் போன் போட்டார். யாரோ கவுன்சிலருக்குப் போட்டார். நான் பலகைக்கு அடியில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். கயிறு சரியில்லையென்றால் கடவுளே வந்து கேட்டாலும் லிஃப்ட் ஓடாது. இந்த ஒரு விஷயத்தில் என்னை யாராலும் அசைக்க முடியாது என்று என்னோடு வேலை பார்க்கும் சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

இதை ஆவுடையிடம் போனில் சொன்னேன். "நீங்க யாரு, பெரிய ஆளுல்லா" என்றாள். பிறகு மதினி கூப்பிட்டார், வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி அந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. சோறு குழைந்துவிட்டது. குழைந்ததற்கும் சிரிக்க ஆள் இல்லை.

ஜூலை 21

ஆவுடை தூங்குவதில்லையாம். அங்கே பாயில்தான் படுக்கை, தலைக்கு ஒரே ஒரு தலையணை. இடுப்பு கழன்று விழுவதுபோல் இருக்கிறதாம். "ஏங்க, வாரப்ப அந்த நாலு தலகாணியையும் ஒரு போர்வையில கட்டிக் கொண்டாந்துருங்க" என்றாள்.

நல்ல கூத்து. சகலை வீட்டுக்குத் தலையணை மூட்டையோடு போய் இறங்கினால் என்ன அர்த்தம்? 'உங்கள் வீட்டில் என் மனைவிக்குப் படுக்க வசதியில்லை' என்று தமுக்கடிப்பதுதானே? மதினி ஒன்றும் சொல்ல மாட்டார், சிரித்தபடி வாங்கி வைப்பார். ஆனால் அது ஆயுசுக்கும் நிற்கும். சகலை வெள்ளத்துரை அண்ணாச்சி உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், கொண்டு வருவது கஷ்டம் என்று சொன்னேன்.

"ம்" என்றாள்.

ஆகஸ்ட் 23

பெண். நேற்று முன்தினம் மதியம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். என் மகள் கொட்டாவி விடுகிறாள். இவ்வளவு சின்ன வாயில் கொட்டாவி விட முடியும் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் பார்க்க அழுதேன், வெட்கமாகக்கூட இல்லை.

காலையில் ஒரு நர்ஸ் வந்து ஆவுடைக்குப் பாடம் நடத்தினார். கேரளத்துப் பெண் போல, தமிழ் இழுத்து இழுத்து வந்தது. இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், பால் கொடுக்கும்போது முதுகுக்கும் முழங்கைக்கும் தலையணை வேண்டும் என்றார். பிள்ளைக்கு?

"பிள்ளைக்கு ஒண்ணும் வேண்டாம். மல்லாக்கத்தான் படுக்கணும். தட்டையான, கெட்டியான மெத்தை. தலைக்குத் தலையணை வேண்டாம், பக்கத்தில் உருட்டுத் தலையணை வேண்டாம், மூஞ்சிக்குப் பக்கத்தில் துணிமணி வேண்டாம். அம்மை கை எட்டுற தூரத்தில், ஆனா தனியா."

"ஒரு சின்னத் தலையணைகூடவா?" என்று கேட்டேன்.

"சார், அது மூஞ்சியைத் திருப்பிப் புதைச்சா, எடுக்கத் தெரியாது. ஒரு வயசு வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்."

ஆவுடை என்னைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியளா?" என்றாள். கேட்டேன் என்றேன். சங்கரன்கோவிலுக்குக் கார் பேசுவதில் அண்ணாச்சிக்கும் டிரைவருக்கும் தகராறு, நான் வெளியே போக வேண்டியிருந்தது.

செப்டம்பர் 15

சங்கரன்கோவில் போய்விட்டு, திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். ஒரு பகல் இருந்தேன்.

பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்குள் மாப்பிள்ளை போகக் கூடாது. வாசல்படி வரைதான். மதினி பாப்பாவைத் தூக்கி வந்து என் மடியில் கொஞ்ச நேரம் வைத்தார், பிறகு தூக்கிப் போய்விட்டார். வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். பாயின் மேல் பஞ்சு மெத்தை, மெத்தையின் மேல் நாலாக மடித்த சேலை. தலைக்கு மஞ்சள் துணியில் தைத்த கடுகுத் தலையணை. பிள்ளையின் தலை உருண்டையாக வரக் கடுகில் படுக்க வைப்பது அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இரண்டு பக்கமும் பஞ்சு உருட்டு, பயந்து முழிக்காமல் இருக்க. நடுவில் என் மகள், பார்சல் கட்டி வைத்தது போல.

மதினி கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைப்பக்கம் போனபோது ஆவுடை படியருகே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்.

"நர்ஸ் சொன்னது ஞாபகம் இருக்கா? நான் எடுத்தா அக்கா வைக்கா. திரும்ப எடுத்தா திரும்ப வைக்கா. நான் சொன்னா, சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்ங்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. மாப்பிள்ள சொன்னா தட்ட மாட்டா."

"சொல்லுதேன்" என்றேன்.

சொல்லலாம் என்றுதான் இலையில் உட்கார்ந்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு. வேண்டாம் வேண்டாம் என்றும் மதினி ஈரலாகப் பொறுக்கிப் போட்டார். போட்டுக்கொண்டே, "தலையப் பாத்தியளா தம்பி? கடுகு வச்சதுல என்ன உருட்டா வருது! உங்க வீட்டுப் பக்கம் தல கொஞ்சம் சப்பல்லா, அதான் பிந்தாம வச்சுட்டேன்" என்றார். அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உருட்டாத்தான் வருது மதினி" என்றேன்.

ஆவுடை கதவருகே நின்றிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

பரிமாறும் கையைப் பார்த்து எப்படிக் குறை சொல்வது? மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்கள். நான் வெளியில் புலி, பெண் எடுத்த வீட்டில் எலி. ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் இருப்பார்கள். இன்னும் இரண்டு மாதம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

கிளம்பும்போது ஆவுடை கேட்டது ஒன்றே ஒன்று. "தலகாணி கொண்டாரலியா?"

செப்டம்பர் 16

பஸ்ஸில் தூக்கமில்லை.

அக்டோபர் 6

போன் பேச்சு குறைந்துவிட்டது. நான்தான் போடுகிறேன். எடுத்தால் "ம்", "இருக்கா", "குடிச்சா". இன்று நான் தூங்கி நாளாகிறது என்று சொன்னேன். உண்மைதான். நடு ஜாமத்தில் முழித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்க அவள் வைத்திருந்த தலையணையில் கை போட்டபடி கிடக்கிறேன். இதைச் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"உங்களுக்கு அங்ஙன நாலு தலகாணி இருக்கு" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

அவளுக்கென்ன, அக்கா இருக்கிறார், வேளைக்கு வேளை பத்தியச் சாப்பாடு, பிள்ளையைத் தூக்க ஆள். ராணி மாதிரி இருக்கிறாள். எனக்குத்தான் பேச்சுத்துணைக்குக் கண்ணாடியும் பல்லியும்.

அக்டோபர் 13

காந்திபுரத்தில் ஒரு கடையில் பாப்பாவுக்குப் படுக்கை வாங்கினேன். ரோஜா நிறம். சுற்றிலும் சுருக்கு வைத்த மெத்தை, அதே துணியில் தலைக்கு ஒரு குட்டித் தலையணை, பக்கத்துக்கு இரண்டு உருட்டு, ஒரு முயல் பொம்மை, மேலே கொசுவலை. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. கட்டிலின் மேல் விரித்துப் படம் எடுத்து ஆவுடைக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. சாயங்காலம் "சரி" என்று ஒரு சொல்.

எனக்குக் கோபம் வந்தது. ஆசையாக வாங்கியவனுக்கு ஒரு 'நல்லா இருக்கு' கிடையாதா? பிள்ளை வந்ததும் புருஷன் கறிவேப்பிலை ஆகிவிடுவான் என்று சென்னியப்பன் சொன்னது சரி.

அக்டோபர் 31

தீபாவளி. எனக்கு டூட்டி. பண்டிகை நாளில் மின்சாரம் போய்ப் போய் வரும், யாராவது மாட்டிக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டார்கள், ஒரு தாத்தாவும் ஒரு டப்பா லட்டும். கதவைத் திறந்ததும் எனக்கு ஒன்று கொடுத்தார்.

அங்கே போன் போட்டேன். பின்னால் வெடிச் சத்தம். "பாப்பா பயப்படுதாளா?" என்றேன். "நான் காதப் பொத்திக்கிட்டு இருக்கேன், அவ காத" என்றாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். ஐப்பசிக் கடைசியில் முறைப்படி வந்து அழைத்து வருவேன் என்றேன்.

"முறைப்படி" என்று திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான்.

லட்டை இப்போதுதான் தின்றேன். சட்டைப்பையில் உதிர்ந்து போயிருந்தது.

நவம்பர் 10

மதினி பேசினார். கார்த்திகையில் அண்ணாச்சி மாலை போடுகிறாராம். அடுத்து மார்கழி, பச்சைப்பிள்ளையை ஊர்விட்டு ஊர் அனுப்பக் கூடாது. "தை பொறந்து ஒரு நல்ல நாள் பாத்துக் கூட்டிட்டுப் போங்க தம்பி, அஞ்சாம் மாசம் ஆயிரும், பிள்ளையும் தேறிரும்."

"சரி மதினி."

வைத்த கொஞ்ச நேரத்தில் ஆவுடை போட்டாள். அவளாகப் போட்டு எத்தனையோ நாளாகிறது. "சரின்னுட்டியளா?" என்றாள்.

"பெரியவங்க சொல்லும்போது…"

வைத்துவிட்டாள். நான் திரும்பப் போட்டேன். அணைத்து வைத்திருந்தது.

நவம்பர் 11

ரோஜாநிறப் படுக்கையின் மேல் தூசி. தட்டி வைத்தேன்.

நவம்பர் 19

காலையில் வேலையில் இருந்தேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பழைய கட்டடம். பிரேக் பிடி தளர்ந்திருந்தது, லிஃப்டை நிறுத்திவிட்டு மொட்டை மாடியில் மெஷின் ரூமுக்குள் இருந்தபோது மதினியின் போன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மறக்கக் கூடாது.

"தம்பி, கோவிச்சுக்கிடாதிய. உங்க வீட்டுக்காரி ஒரு மாதிரியா இருக்கா. ராத்திரி படுக்கதே இல்ல. செவத்துல சாஞ்சு உக்காந்து பிள்ளையவே பாத்துக்கிட்டு இருக்கா. நான் கண்ணசந்தா போதும், தலகாணியெல்லாம் உருவி எடுத்துருதா. விடியமுன்ன திரும்ப வச்சிருதா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. பிள்ள பொறந்ததுலருந்து இதே சோலிதான். இன்னைக்கு உக்காந்தமேனிக்கே தூங்கிட்டா. மடியில இருந்த பிள்ள நழுவி, உருட்டுத் தலகாணிக்கும் அவ தொடைக்கும் நடுவுல மூஞ்சி புதைஞ்சு கெடக்கு. காப்பி கொண்டு போனவ நான் பாத்துத் தூக்குனேன். ஒண்ணும் ஆவல. வீல்னு அழுதா, பால் குடிச்சா, இப்ப வெளையாடுதா. ஆனா இவளுக்குப் பிள்ள வளக்கத் தெரியல தம்பி. தையிலயும் அனுப்ப முடியாது போல. நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"சரி மதினி" என்று என் வாய் சொன்னது. பழகிய வாய்.

கீழே இறங்கி வந்தேன். சென்னியப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "அட, ஒண்ணும் ஆகலதானப்பா. பெரிய மனுசி ஒருத்தி கூடவே இருந்து பாத்துக்கிறாங்க. எதுக்கு மனசப் போட்டு ஒழப்பிக்கிறே?" என்றார். நல்ல மனிதர். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

"கயிறு அறுந்து விழுந்த பெறகா அண்ணே நிறுத்துவோம்?" என்று கத்திவிட்டேன். லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் பயந்துபோய்ப் படியில் ஏறத் தொடங்கினார்.

என் கையில் பலகை இருந்தது. 'பழுது. ஏறாதீர்கள்.' அதை மாட்டிவிட்டு மறுபடி மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். மோட்டார் நின்றிருந்தது, சத்தம் வெளியில் கேட்டிருக்கும். கேட்கட்டும். முன்பின் தெரியாத செயலாளரிடம் ஓடாது என்று சொல்ல முடிந்த எனக்கு, என் மகளுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நான் சொல்வேன் என்று அவள் எத்தனை நாள் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள்?

நவம்பர் 20

லீவு சொன்னேன். நான்கு தலையணைகளையும் போர்வையில் கட்டினேன்.

நவம்பர் 22

நேற்று விடிந்ததும் பஸ் ஏறினேன். மூட்டையைப் பார்த்து கண்டக்டர், "என்னண்ணே, வீட்டையே காலி பண்ணிட்டீங்களா?" என்றார். "பாதி காலியாகி அஞ்சு மாசமாச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ராஜபாளையத்தில் இறங்கி வேறு பஸ். வழியெல்லாம் மதினியிடம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். நர்ஸ் சொன்னது, டாக்டர்கள் சொல்வது, மூச்சு, மூக்கு எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்.

சங்கரன்கோவிலில் இறங்கும்போது மத்தியானம். மதினி வாசலில் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, சொல்லாமக் கொள்ளாம!" என்று எழுந்தவர் மூட்டையைப் பார்த்தார். போர்வையின் ஓரத்தில் ஒரு தலையணை பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது.

"எங்க வீட்டுல தலகாணி இல்லன்னா கொண்டாந்திய?"

ஜூலை மாதத்தில் இருந்து நான் எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அதே வார்த்தை. கேட்ட பிறகு பார்த்தால் அப்படியொன்றும் பெரிதாக இல்லை.

"இருக்கு மதினி. இது அவளுக்குப் பழகுனது" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நடந்து அந்த அறையின் வாசல்படியைத் தாண்டி உள்ளே போனேன்.

ஆவுடை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பாப்பா மஞ்சள் தலையணையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி ஆவுடையிடம் கொடுத்தேன். மஞ்சள் தலையணையையும் உருட்டு இரண்டையும் எடுத்து வாசல்படியில் வைத்தேன். மடித்த சேலை, பஞ்சு மெத்தை எல்லாவற்றையும் எடுத்தேன். பாயின் மேல் ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் ஒற்றைத் துணியைப் போட்டு ஓரங்களை அடியில் செருகினேன். பிள்ளையை வாங்கி மல்லாக்கப் படுக்க வைத்தேன். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள்.

மதினி வாசல்படியில் நின்றிருந்தார். "எம் மூணு பிள்ளையளும் கடுகுலதான் படுத்தது. செத்தா போச்சு?"

ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. "வேண்டாம் மதினி" என்றேன்.

"ஊரு ஒலகத்துல…"

"வேண்டாம் மதினி."

அண்ணாச்சி கடையில் இருந்து சாப்பிட வந்தவர், "தம்பி, பொம்பளையாளுவ காரியத்துல நமக்கு என்ன…" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு இவங்களக் கூட்டிட்டுப் போறேன்."

மதினி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கடுகுத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்கம்மா இவளுக்குத் தச்சது தம்பி. ஒறையும் கடுகும்தான் புதுசு. உள்துணி அம்மாவோடது. அம்மா போவும்போது இவளுக்கு நாலு வயசு. இவளுக்கு ஒரு பிள்ள வரும், அதுக்கு வைக்கணும்னு பெட்டியடியில வச்சுருந்தேன். கொல்லதுக்கா வச்சிருந்தேன்?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் நான் உருண்டிருப்பேன். இவ்வளவு அன்பை என்ன சொல்லி மறுப்பது? 'பகலில் மட்டும் வைத்துக்கொள்ளட்டுமே' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆவுடை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு பாப்பாவுக்கும் மதினிக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

"அக்கா" என்றாள் ஆவுடை. "அத எங்கிட்ட தா. நான் வச்சுக்கிடுதேன். பிள்ளைக்கு வேண்டாம்."

மதினி கொடுத்தார்.

மூட்டையை அவிழ்த்து நான்கு தலையணைகளையும் பாயில் போட்டேன். தலைக்கு, முழங்காலுக்கு, வயிற்றுக்கு, முதுகுக்கு. ஆவுடை அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நடுவில் குழி விழுந்திருந்தது.

"யாரு படுத்தது இதுல?"

"நான்தான்."

"நாலுலயுமா?"

"ம்."

நன்றி, மன்னிப்பு, ஒன்றும் இல்லை. "இப்பந்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று மட்டும் சொல்லி, ஒருக்களித்துப் படுத்தாள். கண்ணை மூடியவள் மறுபடி திறந்தாள். "தூங்கிர மாட்டியளே?"

"மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "தூங்கிராதிய" என்றாள். வாயைத் திறந்து, குறட்டை விட்டு, விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் தூங்கினாள். பால் வேளைக்கு மட்டும் எழுப்பினேன். அரைக்கண்ணோடு உட்கார்ந்து கொடுத்தாள். முதுகுக்கும் முழங்கைக்கும் நான் தலையணையை அண்டக் கொடுத்தேன். முடித்ததும் பிள்ளையை வாங்கித் துணியில் போட்டேன், அவள் சரிந்து மறுபடி தூங்கினாள். மதினி ஒரு தடவை வந்து பார்த்தார். என் அருகே காப்பியை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் போனார்.

பாப்பாவின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் சொருகும்போது எழுந்து நின்றேன். ஒரு ராத்திரிக்கே எனக்கு உயிர் போய்விட்டது. இவள் மூன்று மாதம் இப்படி உட்கார்ந்திருக்கிறாள். வீடு நிறைய ஆள், யாரும் துணை இல்லை. போனில் நான் இவளிடம் எனக்குத் தூக்கமில்லை என்று அழுதிருக்கிறேன்.

நவம்பர் 24

கோயம்புத்தூர். ரோஜாநிறப் படுக்கையைப் பார்த்ததும் ஆவுடையின் உதடு இறுகியது. அவள் சொல்லும் முன்பே தலையணை, உருட்டு, முயல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்தச் சுருக்கு மெத்தையும் அமுக்கினால் உள்ளே போகிறது, அதையும் சுருட்டினேன். கெட்டி மெத்தை ஒன்று வாங்கி வந்து, சின்ன மரத்தொட்டிலில் விரித்து, கட்டிலையொட்டி அவள் பக்கம் போட்டேன். வெறும் மெத்தை, இறுக்கிய துணி, நடுவில் பாப்பா. பார்க்க மொட்டையாக இருக்கிறது. முயலை டி.வி.க்கு மேல் உட்கார வைத்திருக்கிறேன்.

ராத்திரி முதல் பாதி நான் பார்த்துக்கொள்கிறேன், பிற்பாதி அவள்.

கட்டிலில் ஆவுடை நான்கு தலையணைகளையும் வாங்கிக்கொண்டாள். நான்காவது மறுபடி அவள் முதுகில், எங்கள் இருவருக்கும் நடுவே. "தையல் போட்ட ஒடம்பு, முதுகுக்கு வேணும்" என்று அவளே காரணம் சொன்னாள். நான் காரணம் கேட்கவில்லை. எனக்கு விளிம்பு.

டிசம்பர் 3

பேசுகிறாள். உப்பு, பால், பாப்பாவின் தடுப்பூசி. அதற்கு வெளியே பேச்சு இல்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, அவள் சங்கரன்கோவிலில் இருந்தபோது இருந்ததைவிட அதிகத் தூரத்தில் இருப்பது போல் இருக்கிறது. கேட்கிற உரிமை எனக்கில்லை. பாட்டில் கழுவினேன். துணி காயப்போட்டேன்.

டிசம்பர் 8

மதினி போன் செய்தார். மார்கழிக்கு முன்னால் ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார். வாங்க மதினி என்றேன். "தலகாணி எதுவும் கொண்டார மாட்டேன், பயப்படாதிய" என்றார். ஆவுடை அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாள். எனக்குத் தெரிந்து ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. என்னிடம் அல்ல, ஆனாலும் சிரிப்பு.

டிசம்பர் 11

பாப்பா ராத்திரி ஒரே மூச்சாகத் தூங்கினாள். பயந்துபோய் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து தொட்டிலில் குனிந்தோம். தலை முட்டிக்கொண்டது. "மெதுவா" என்றாள்.

டிசம்பர் 15

காலையில் எழுந்தபோது நான்காவது தலையணை என் பக்கம் தரையில் கிடந்தது.

ஆவுடை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு என் தோளில் சாய்ந்திருந்தது, முழுக் கனமும். பாப்பா தொட்டிலில் கைகளை விரித்து மல்லாந்து கிடந்தாள். தலையணை தானாக விழுந்ததா, இவள் எடுத்துப் போட்டாளா தெரியவில்லை. எழுப்பிக் கேட்கலாமா என்று வாயெடுத்து, மென்று முழுங்கினேன். இந்த ஒரு தடவை முழுங்கியது சரி. கை மரத்துப் போய், வேலைக்கு நேரமாகி, சென்னியப்பனின் போன் இரண்டு தடவை அடித்து ஓயும்வரை அசையாமல் கிடந்தேன்.

அவள் எழுந்து பாப்பாவோடு அடுப்படிக்குப் போன பிறகு அந்தத் தலையணையை எடுத்து, தூசி தட்டி, அலமாரியில் மஞ்சள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுதானே, கதவு சாத்திக்கொண்டது.